அகப்பை யார் கையில்?

பரிமாறுகிறவர் நம்ம ஆளாக இருந்தால் பந்தியில் எந்த மூலையில் உட்கார்ந்தால் என்ன என்பார்கள். கல்யாண வீட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளையின் தட்டில் எத்தனை கரண்டி சோறு விழும், பருப்பு அடியிலிருந்து வருமா மேல்தண்ணீராக வருமா, வீட்டில் இருக்கும் ஒரே முட்டை யாருக்கு என்பதையும் அகப்பை பிடித்த கைதான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் பேர் வாங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வங்கதேசத்துக்குப் போனபோது இந்தக் கையை மறந்துவிட்டுப் போனது. அங்கே அது ஏன் தடுமாறியது என்று பார்த்தால், இங்கே அது ஏன் ஓடியது என்பதும் கொஞ்சம் தெளிவாகிறது.

திட்டத்தின் பெயர் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி டி.ஐ.என்.பி. என்று அழைத்தார்கள். 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கி, ஆறு மாவட்டங்களில் 173 ஒன்றியங்களுக்குப் பரவியது. உலக வங்கியின் கடன் 3.2 கோடி டாலர், மீதி மாநில அரசின் பணம். முதல் கட்டம் 1989 வரை. உச்சத்தில் ஏறக்குறைய 9,000 மையங்கள். இன்றைக்கு அங்கன்வாடிப் பலகை தொங்கும் பல கட்டடங்கள் அந்தக் காலத்தில் இதன் மையங்களாக இருந்தவைதான்.

சவலை

தமிழில் சவலை என்று ஒரு சொல் உண்டு. மடியில் ஒன்று இருக்கும்போதே அடுத்தது வயிற்றில் வந்துவிட, பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்துபோகிற மூத்தது சவலைப் பிள்ளை. இன்றைய கானாவில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், அங்கே குழந்தைகளுக்குக் கண்ட ஒரு நோயைப் பற்றி 1935இல் லான்செட் இதழில் எழுதியபோது உள்ளூர் கா மொழியின் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் பறிபோன பிள்ளைக்கு வரும் நோய் என்பதே அதன் பொருள். எங்கோ ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு தாயும் இங்கே கரிசல்காட்டில் ஒரு தாயும் ஒரே விஷயத்தைக் கவனித்து ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். மருத்துவம் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

சொல் இருந்தும் அந்த வயதுப் பிள்ளை அரசாங்கத்தின் கண்ணில் படவில்லை. 1950களில் காமராஜர் காலத்து மதிய உணவு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கானது. அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் நடந்து வந்து வரிசையில் உட்காரத் தெரிந்த பிள்ளைக்கானவை. 1970களின் தொடக்கத்தில் சிட்னி கேன்டர் நிறுவனம் அமெரிக்க உதவியோடு தமிழ்நாட்டில் நடத்திய பெரிய ஊட்டச்சத்து ஆய்வு, இத்தனை திட்டங்கள் இருந்தும் ஆபத்தான வயதுக் குழந்தைகளை அவை எட்டவில்லை என்று காட்டியது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய உணவு எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது, அல்லது ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாகிவிடுகிறது. வறுமை ஒரு காரணம்தான். அதற்கு மேலே வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ஆறு மாதம் கழிந்தும் திட உணவு தொடங்காமை, நோய் வந்தால் பட்டினி போடுவது என்று கூடுதல் காரணங்கள் வரிசையாக நின்றன.

ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை. டி.ஐ.என்.பி. தன் வட்டத்தை இவ்வளவுக்குச் சுருக்கிக்கொண்டது. கூடவே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்.

எடை ஏறாத மாதம்

இந்தத் திட்டத்தின் மூளை ஒரு தராசில் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார்கள். யாருக்கு உணவு என்பதை அந்தக் கோடு சொல்லும்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நானே கற்பனை செய்துகொண்ட பிள்ளைதான், கணக்கு விளங்குவதற்காக. பதினொரு மாதப் பெண். ஜனவரியில் 7.4 கிலோ. பிப்ரவரியில் 7.5. மார்ச்சிலும் 7.5. ஏப்ரலில் 7.6. பார்வைக்குக் கேடில்லாத பிள்ளை. சிரிக்கும், தவழும், பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பிடித்து நிற்கும். அப்போது வழக்கில் இருந்த இந்தியக் குழந்தை மருத்துவர் சங்க அளவுகோலில், அந்த வயதுக்கு இருக்கவேண்டிய எடையில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இயல்பு, 71 முதல் 80 வரை முதல் நிலை, 61 முதல் 70 வரை இரண்டாம் நிலை, 51 முதல் 60 வரை மூன்றாம் நிலை, அதற்கும் கீழே நான்காம் நிலை. ஏப்ரலில் பதினான்கு மாதத்தை எட்டிய இந்தப் பிள்ளை முதல் நிலைதான். வேறெந்தத் திட்டமாக இருந்தாலும் “இதைவிட மோசமான பிள்ளைகள் கிடக்கு” என்று அனுப்பியிருப்பார்கள். டி.ஐ.என்.பி. அனுப்பாது. மூன்று மாதத்தில் அரைக் கிலோ ஏறவேண்டிய பிள்ளைக்கு 200 கிராம்தான் ஏறியிருக்கிறது. கோடு படுத்துவிட்டது. மையத்துப் பணியாளர், அதே ஊர்ப் பெண், தாயிடம் கேட்பாள்:

“என்ன மதினி, பிள்ளைக்கு நடுவுல வயித்தால போச்சா?”

“ஆமா, நாலு நாளு. எங்க அத்த சோறு கூடாது, கஞ்சித்தண்ணிய மட்டும் ஊத்துன்னு சொல்லிருச்சு.”

“தண்ணிய மட்டும் ஊத்துனா எப்படி ஏறும்? சோத்தையும் சேத்து மசிச்சுக் குடு. நாளையிலருந்து காலையில இங்க கூட்டிட்டு வா, உருண்டை தாரேன். மூணு மாசத்துக்கு. ஏறிருச்சுன்னா நிறுத்திருவோம்.”

“நிறுத்திருவீகளா?”

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் திட்டத்தின் துணிச்சல் இருக்கிறது. மூன்றாம், நான்காம் நிலைப் பிள்ளைகளுக்குக் காத்திராமல் உடனே உணவு தொடங்கிவிடும். மற்றவர்களுக்குக் கோடு படுத்தால் மட்டும். உணவு 90 நாள். அதற்குள் அரைக் கிலோ ஏறினால் நிறுத்தம். ஏறாவிட்டால் இன்னும் ஒரு மாதம், கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, ஏனென்றால் சாப்பிட்டும் ஏறாத பிள்ளைக்கு உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அதே தெருவில் இரண்டாம் நிலையில் இருந்தாலும் மாதாமாதம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உருண்டை கிடையாது. மெலிந்த பிள்ளைக்கு இல்லை, கொழுகொழுவென்று இருப்பதற்கு உண்டு என்றால் தெருவில் சண்டை வராதா? வந்திருக்கும். அதைத் தணித்தது, இது மருந்து மாதிரி, தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட நாள் மட்டும் என்று ஊர்க்காரியான அந்தப் பணியாளரே மறுபடி மறுபடி சொன்ன பேச்சு.

இதனால் எந்த நேரத்திலும் நாலில் ஒரு பங்குக் குழந்தைகள்தான் உணவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். செலவு குறைந்தது. ஆனால் எனக்கு அந்தச் சிக்கனத்தைவிடப் பெரியதாகப் படுவது வேறு: மூன்று மாதத்தில் பிள்ளை தேறுவதைத் தாய் தன் கண்ணால் பார்த்தாள். தினம் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போனால் இதே பிள்ளை, இதே வீட்டில், ஏறும் என்பதை எந்தச் சுவரொட்டியும் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்காது.

அந்த உருண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்துப் பெண்கள் குழுக்கள் உள்ளூரில் செய்தது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளைக்கு 80 கிராம், சுமார் 300 கலோரி; அதற்குக் கீழே பாதி. அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். மையத்தில் சமைக்கிற வேலை இல்லாததால் பணியாளருக்கு வீடு வீடாகப் போக நேரம் இருந்தது. பிள்ளை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடவேண்டும் என்பதால் வீட்டில் நாலு பேருக்குப் பங்காகவில்லை. உருண்டை என்பதே தின்பண்டக் கணக்கு. ‘காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டது, மத்தியானத்துக்குக் குறைத்துப் போடலாம்’ என்ற எண்ணம் சோற்றைப் பார்த்தால் வரும், உருண்டையைப் பார்த்தால் அவ்வளவாக வராது. இது என் யூகம்தான். ஆனால் பொரி உருண்டை தின்ற பிள்ளைக்குச் சோற்றைக் குறைத்த தாயை நான் பார்த்ததில்லை.

பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. உள்ளூர்ப் பெண், முடிந்தவரை ஏழை வீட்டவள், தன் பிள்ளையை நன்றாக வளர்த்துக் காட்டியவள். அதாவது ‘இவளுக்கும் நம்ம வருமானம்தானே, இவ பிள்ளை எப்படித் தேறுச்சு?’ என்று ஊர் கேட்கவேண்டும். இரண்டு மாதப் பயிற்சி, பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். வேலைகள் கொஞ்சம்: எடை, உணவு, பேச்சு. இவற்றோடு ஆறு மாதத்துக்கொருமுறை வைட்டமின் ஏ, பூச்சி மருந்து, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை. 1975இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் பாட்டு, விளையாட்டு, பாலர் கல்வி, பதிவேடு என்று பத்துக் கைகளோடு இருந்தார். இங்கே கைகள் இரண்டுதான், அவற்றுக்கு என்ன வேலை என்பதும் தெளிவாக இருந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

கடுமையான ஊட்டக்குறைவு, அதாவது மூன்றாம் நான்காம் நிலை, திட்டப் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது. எடைக்குறைவான குழந்தைகளின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1.5 சதவீதப் புள்ளி இறங்கியது. திட்டம் இல்லாத மாவட்டங்களில் இறங்கியதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1980களின் உலகில் இவ்வளவு பெரிய பரப்பில் இப்படிக் காட்டிய திட்டங்கள் அபூர்வம். வாஷிங்டனிலும் டாக்காவிலும் இதன் பெயர் அடிபடத் தொடங்கியது அப்படித்தான்.

ஆனால் தொடக்கத்தில் எழுதிய இலக்குகள் ஆகாயத்தில் இருந்தன. நான்கு வயதுக்குட்பட்டவர்களின் ஊட்டக்குறைவை 60 சதவீதத்திலிருந்து 30 ஆக்குவது. கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாரின் ரத்தசோகையை 55இலிருந்து 20 ஆக்குவது. மிதமான ஊட்டக்குறைவு பிடிவாதமாக நின்றது. மூன்றாம் நிலைப் பிள்ளை இரண்டுக்கு வந்தது. இரண்டாம் நிலைப் பிள்ளை அங்கேயே நின்றது. ரத்தசோகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில்கூட, 2019-21இல், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாற்பது ஆண்டுக்கு முன் எழுதிய 20 என்ற இலக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

தாய்மாருக்கான உணவு எப்போதுமே இந்தத் திட்டத்தின் இளைத்த கை. களையெடுக்கப் போகிற கர்ப்பிணி, காலையில் மையத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து தின்பாளா? கூச்சம் ஒரு பக்கம், கூலி இன்னொரு பக்கம். ‘வயித்துப் பிள்ளை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம்’ என்ற பயம் வேறு. பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைத்து, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய காலம் அது. அட்டையில் கோடு இழுக்கத் தொடங்குவதற்கு முந்தைய அந்த மாதங்கள் திட்டத்தின் கைக்கு எட்டவில்லை. இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. மையம் ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளைகள் வருவது குறையும், காலனியில் இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை. தராசுக்குச் சாதி தெரியாது, தராசு தொங்கும் இடத்துக்குத் தெரியும்.

நடுவில், 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, எடை பார்க்காமல், எல்லோருக்கும் சுடச்சுடச் சோறு. அளந்து கொடு, தேறினால் நிறுத்து என்கிற உலக வங்கி ஆட்களுக்கு இது பிடித்திருக்காது. ஊருக்குப் பிடித்தது. இரண்டிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைகள் இரண்டு கூரைக்கும் நடுவில் நின்றார்கள். இவற்றில் எது சரி என்று எங்கள் தலைமுறையே வாதாடித் தீர்த்துவிட்டது. என் கட்சி, இரண்டும் வேறு வேறு வேலை என்பது. பசி எல்லோருக்கும் பொது, அதற்குச் சோறு. எடை ஏறாமை ஒரு பிள்ளையின் தனிச் செய்தி. அதற்குத் தாயோடு பத்து நிமிடப் பேச்சு. சோறு போட்டதால் பேச்சு வேண்டாம் என்று ஆனதுதான் பிற்பாடு நடந்த தவறு. 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் மாநிலத்தின் பெரும்பாலான கிராம ஒன்றியங்களுக்குப் போனது, பாலர் கல்வியும் சேர்ந்துகொண்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் எல்லாம் ஐ.சி.டி.எஸ்.சுக்குள் கரைந்தது.

வங்கதேசத்தில்

1995இல் உலக வங்கியின் பணத்தோடு வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. பெயரைப் பார்த்தாலே வம்சம் தெரியும். அமைப்பும் அதேதான்: ஊர்ப்பெண் ஒருத்தி பணியாளர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மாதாந்திர எடை, கோடு படுத்தவர்களுக்கும் கடுமையாக மெலிந்தவர்களுக்கும் உணவு, தாய்க்கு ஆலோசனை. உருண்டைக்குப் பதில் ‘புஷ்டி பாக்கெட்’: வறுத்த அரிசி மாவு, வறுத்த பருப்பு மாவு, வெல்லம், எண்ணெய். அங்கேயும் பெண்கள் குழுக்களே செய்தன. கர்ப்பிணிகளில் உடல்நிறைக் குறியீடு, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 18.5க்குக் கீழே இருந்தவர்களுக்கும் உணவு உண்டு. பிராக் போன்ற தொண்டு நிறுவனங்கள் களத்தில் இறங்கின. 2002இல் முடிந்தபோது, இது வேலை செய்ததா என்று பெரிய சண்டையே நடந்தது. பிரிட்டனின் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2003இல், செலவுக்கேற்ற பலன் இல்லை என்று கடுமையாக எழுதியது. உலக வங்கியின் ஒரு தரப்பு மறுத்தது. 2005இல் வங்கியின் மதிப்பீட்டுத் துறையே உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. குழந்தைகளின் ஊட்டநிலையில் பலன் மிகச் சொற்பம் என்றே அதற்கும் தெரிந்தது.

தாய்மார் பாடம் கற்கவில்லையா? கற்றிருந்தார்கள். அதுதான் விசித்திரம். கர்ப்பத்தில் கூடுதலாகச் சாப்பிடவேண்டும், ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கவேண்டும் என்று கேட்டால் சரியாகச் சொன்னார்கள். செய்தவர்கள் குறைவு. தெரிந்ததற்கும் செய்ததற்கும் நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தேடியபோது அகப்பை தென்பட்டது.

வங்கதேசக் கிராமத்தில் ‘பாரி’ என்பது ஒரு முற்றத்தைச் சுற்றி அண்ணன் தம்பி வீடுகள் அமைந்த வளாகம். மணமாகி வந்த பெண் பல வீடுகளில் மாமியாரின் அடுப்பில்தான் சேர்கிறாள். எவ்வளவு அரிசி உலை வைப்பது, யாருக்கு முதலில் போடுவது, மருமகள் எப்போது உண்பது என்பதெல்லாம் மாமியார், அவர்கள் சொல்லில் ‘ஷாஷுரி’, பார்த்துக்கொள்வது. ஹாட் என்கிற சந்தைக்குப் போவதோ ஆண்கள். மீனா, பருப்பா, முட்டையா, இன்றைக்கு ஒன்றும் இல்லையா என்பதைப் பையோடு திரும்பி வரும் கணவன் முடிவு செய்துவிட்டிருப்பான். திட்டமோ ஆலோசனையைத் தாயிடம் மட்டும் சொன்னது. முற்றத்தில் உட்காரவைத்து, அட்டையைக் காட்டி, பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் ‘பிள்ளைக்கு எண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடு’ என்று சொன்னது. எண்ணெய்ப் புட்டி அவள் கையில் இல்லை. மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்த பெண்களிடம்தான் தெரிந்ததைச் செய்யாத பள்ளம் ஆழமாக இருந்தது என்று அந்த மதிப்பீடு கண்டது. வீட்டுக்கு வந்த உணவும் பங்கானது, அல்லது சோற்றுக்கு ஈடானது. கேன்டர் ஆய்வு முப்பது ஆண்டுக்கு முன் தமிழ்நாட்டில் எழுதிவைத்த அதே கதை.

இந்தக் கதை அறிவியல் தத்துவம் எழுதுகிறவர்களிடையேகூடப் பிரபலமாகிவிட்டது. ‘அங்கே வேலை செய்தது என்பதால் இங்கேயும் செய்யும் என்று எடுத்துக்கொள்ளாதே’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அவர்கள் எடுத்தாள்கிறார்கள். தமிழ்நாட்டுத் தாய்க்குச் சமையலறையில் அதிகாரம் உண்டு, வங்கதேசத் தாய்க்கு இல்லை, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள்.

அவ்வளவுதானா? நம்மூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். கொட்டாம்பட்டியில் மாமியார் இல்லையா? மேலே வந்த அந்தப் பேச்சில் ‘கஞ்சித்தண்ணிய மட்டும் ஊத்து’ என்றது யார்? வேறுபாடு உண்டு, ஆனால் அது வேறு இடத்திலும் இருக்கிறது. தென் மாவட்டத்து ஏழை வீட்டுப் பெண் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவள். சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு வரும் வழியில் அவளே கடையில் நின்று கால்படி அரிசியும் கொஞ்சம் பருப்பும் வாங்குவாள். ரேஷன் கடை வரிசையிலும் அவள்தான். தனிக்குடித்தனம் சீக்கிரம் வந்துவிடும். சொந்தத்தில் கொடுத்தால் மாமியார் அத்தையாகவே இருப்பாள். பணம் கை மாறும் இடத்தில் பெண் இருந்தாள், அதனால் அகப்பையும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்தது. அதே கூலி வேலைதான் அவளை மையத்துக்கு வரவிடாமலும் செய்தது, பிள்ளையை ஏழு வயது அக்காவிடம் விட்டுப்போகவும் வைத்தது. கொடுத்த கையே எடுத்தது.

அத்தனை பழியையும் ஷாஷுரி தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், விலை குறைந்த ரேஷன் அரிசி, 1982க்குப் பிறகு சத்துணவு, இத்தனைக்கும் நடுவில் இங்கே அந்த உருண்டை விழுந்தது. தகுதியான பிள்ளை விட்டுப்போய்த் தகுதியில்லாதது வாங்கிக்கொள்கிற குழப்பம் வங்கதேசத்தில் அதிகமாக இருந்தது. அது மாமியார் செய்த குழப்பமல்ல, தராசுப் பக்கத்தில் நடந்தது. மதிப்பீடு எழுதுகிறவர்களுக்கு ஒரே காரணம் கிடைத்தால் நிம்மதி. கிராமத்தில் ஒரே காரணத்தோடு எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. மாமியாரைத் தடையாகப் பார்க்கிற கண்ணுக்கு, அவரும் ஒரு காலத்தில் கடைசியாகச் சாப்பிட்ட மருமகள் என்பது தெரியாது. பந்தி முடிந்து பாத்திரத்தில் மிஞ்சியதைத் தின்கிற வழக்கம் வங்கத்தோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் கருத்தரிக்கும் நேரத்தில் 42 சதவீதப் பெண்கள் எடைக்குறைவாக இருந்தார்கள், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அது 16.5 சதவீதம்தான் என்று 2015இல் வெளியான ஒரு கணக்கு சொன்னது. வருமானத்தில் நம்மைவிட ஏழை நாடுகள் பல அந்தப் பக்கம் இருக்கின்றன. பந்தி வரிசையைப் பற்றிப் பேசாமல் இந்த இரண்டு எண்களை யாராலும் விளக்க முடியாது.

தமிழ்நாடு பிற்பாடு வேறு பாதையில் போனது. 1987இல் சில நூறு ரூபாயில் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 2018இல் 18,000 ஆனது. அதில் ஒரு பகுதி நெய், பேரீச்சை, சத்துமாவு, இரும்புச்சத்து மருந்து வைத்த பெட்டகமாக வருகிறது. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் இப்போது மருத்துவமனையில். சிசு மரணம் 2020 கணக்கில் ஆயிரத்துக்கு 13. குழந்தைகளில் எடைக்குறைவு 2019-21இல் 22 சதவீதம். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது நூறில் சுமார் அறுபது பிள்ளைகளுக்குத்தான். பிரசவம் செவிலியர் கையில் நடக்கிற மாநிலத்தில் இது எப்படி என்று கேட்டால், அந்த முதல் ஒரு மணி நேரம் அறுவை அரங்குக்கும் வார்டுக்கும் நடுவில் தொலைந்துபோகிறது. அங்கே மாமியாரும் இல்லை.

எடை பார்ப்பது நிற்கவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றுகிறார், செயலி நிறம் காட்டுகிறது. ‘ஏன் ஏறலை?’ என்று தாயிடம் கேட்க வேண்டிய நேரத்தில் சிக்னலுக்காக வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

வங்கதேசம் தன் பாடத்தைப் படித்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். 2009க்குப் பிறகு பிராக்கோடு சேர்ந்து அலைவ் அண்ட் த்ரைவ் என்ற திட்டம் வந்தபோது, பேச்சு தாயோடு நிற்கவில்லை. அப்பாக்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார்கள், தொலைக்காட்சி விளம்பரத்திலேயே மாமியாரையும் கணவனையும் கொண்டுவந்தார்கள். பல வகை உணவு, முட்டை, மீன் கொடுப்பது தீவிரமாக வேலை நடந்த இடங்களில் நன்றாகவே கூடியது. அகப்பை பிடித்த கையும் பை தூக்கிய கையும் சொன்னபடி கேட்டன. குழந்தைகளின் உயரத்தை அளந்து பார்த்தபோது, குட்டை வளர்ச்சி திட்டப் பகுதியிலும் குறைந்திருந்தது, திட்டம் தீவிரமாக இல்லாத பகுதியிலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது.